உறையாத கடல்பாசி

என் முனைவர் பட்டத்துக்கான பூஞ்சை ஒரு செத்த புழுவின் முதுகில் கிடைத்தது. பனவடலிசத்திரம் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் குருத்துக் குருத்தாகப் பிரித்துப் படைப்புழுவைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு புழு மட்டும் விறைத்துப்போய், மேலெல்லாம் பச்சை மாவு தூவியதுபோல் கிடந்தது. காட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"செத்த புழுவ எதுக்கு எடுக்குதிய? உசுரோட இருக்கத எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

அவர் கவலை அவருக்கு. படைப்புழுவைக் கொல்லுகிற பூஞ்சை தானாக வந்து என் கையில் விழுந்த சந்தோஷம் எனக்கு. புழுவைப் போட்ட சின்னச் சீசாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே சங்கரன்கோவில் வந்து சேர்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நான் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு ஆராய்ச்சி. அந்தப் பூஞ்சையைச் சோதனைக் குழாய்களில் வளர்த்து, ஆய்வகக் குளிர்பெட்டியில் முப்பது குழாய் அடுக்கி வைத்திருந்தேன். பொங்கல் விடுமுறைக்கு முன்னால் யாரோ ஒரு பொறுப்பான ஆத்மா, மின்கசிவு ஏற்படக்கூடாது என்று மெயினையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் புளித்த நாற்றம். இருபத்தொன்பது குழாயிலும் பாக்டீரியா ஏறி வழுவழுவென்று இருந்தது. ஒன்றே ஒன்றில்தான் பச்சை மிச்சம். அதிலும் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

காட்டுக்குப் போய் வேறு புழு எடுக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்குள் கதிர் ஒடித்து, சோளத்தட்டை அறுத்து, உழுதே போட்டுவிட்டார்கள். அடுத்த மக்காச்சோளம் அடுத்த மழைக்குத்தான். அப்போதும் அதே பூஞ்சை கிடைக்கும் என்று எந்தச் சாமியும் சத்தியம் செய்யாது. ஆக, அந்த ஒரு குழாய் போனால் என் இரண்டு வருஷ உழைப்பும் போச்சு.

நெல்லையில் இருக்கிற என் நெறியாளருக்குப் போன் போட்டேன். "ஒரு வாரத்துக்குள்ள புது மீடியாவுக்கு மாத்திருங்க" என்றார். பூஞ்சைக்கு நாம் ஆக்கிப் போடும் சாப்பாட்டுக்குத்தான் மீடியா என்று பெயர். கிழங்குச் சாறு, கொஞ்சம் சர்க்கரை, இரண்டையும் தட்டில் உறைய வைக்க ஒரு பசை. அவ்வளவுதான் விஷயம். எல்லாவற்றையும் பொடியாக்கிக் கலந்து டப்பாவில் விற்கிறார்கள். எங்கள் டப்பாவோ காற்றுப்பட்டுக் கல்லாகியிருந்தது. புது டப்பா வாங்க மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி முதல்வர் கையெழுத்துப் போட்டு வருவதற்குள் பூஞ்சைக்குத் திதியே வந்துவிடும்.

"பஸ் ஏறி வாங்க, எங்க டப்பாவுல இருந்து தாரேன்" என்றார் நெறியாளர்.

ஒன்றரை மணி நேரப் பயணம். போயிருக்கலாம். ஆனால் போன வருஷம் ஒரு கருத்தரங்கில், நம் ஊரில் விளைகிற தானியத்தையும் கிழங்கையும் வைத்தே மீடியா செய்துவிடலாம் என்று நான் சொன்னபோது, இதே மனிதர் எல்லார் முன்னாலும், "சமையல் குறிப்பு வேற, ஆராய்ச்சி வேற" என்று சொல்லிச் சிரித்தார். அவரிடமே போய் ஏனத்தை நீட்டுவதா? மாட்டேன் என்று இருந்துவிட்டேன். வீம்புக்கு மருந்து கிடையாது, எனக்கு அது பரம்பரைச் சொத்து.

முதல் தேவை பசை. கடலில் விளையும் பாசியில் இருந்து எடுப்பது அது. ஆய்வகச் சீசாவில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் அதே சரக்கு வெள்ளை வெள்ளை நாராக மளிகைக் கடையில் கடல்பாசி என்ற பெயரில் கிடைக்கும். கடையநல்லூரில் நோன்பு மாதம் வந்தால் கடல்பாசி காய்ச்சாத வீடு இராது. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, உறைந்ததும் துண்டு போடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது என் சிநேகிதியால். அவள் எங்கள் கல்லூரியில் வணிகவியல் ஆசிரியை. கடையநல்லூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். நாலு வருஷமாக மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேஜையில்தான், அவள் டப்பா எனக்கு, என் டப்பா அவளுக்கு. நான் கேட்டதும் மறுநாளே கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள்.

"ஏட்டி, பூசணத்துக்குக் கடல்பாசி காய்ச்சுத ஒரே ஆள் நீதான்" என்றாள்.

அடுத்தது ஆள் துணை. எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி, மூன்று வருஷத்துக்கு முன்பு வரை கல்லூரி விடுதியின் சமையல்காரர். விடுதியை மூடிவிட்டு, மனிதரை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் நிர்வாகம் எங்கள் துறைக்கு அனுப்பி வைத்தது. ஆய்வகத்தின் நீராவிக் கலத்தை அவர் இன்றுவரை குக்கர் என்றுதான் சொல்லுவார். "எத்தன விசில் மேடம்?" என்று அவர் கேட்பதும், இதில் விசில் வராது, பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் இருபது நிமிஷம் என்று நான் சொல்லுவதும், "அப்போ ஒரு ஆறு விசில்னு வைங்க" என்று அவர் தமக்குத்தாமே முடிவுசெய்வதும் வழக்கம். கண்ணாடிச் சாமான்களை அவர் கழுவினால் முகம் பார்க்கலாம்.

முதலில் பரிசோதனை. ரொட்டியில் பூக்கிற சாதாரணப் பூசணத்தை வைத்து, எந்தப் பயிர் சரிப்படும் என்று பார்த்தோம். கம்பு கூழாகிவிட்டது, எதிரே வெளிச்சம் காட்டினால் ஒன்றும் தெரியவில்லை. மக்காச்சோளம் அடியில் தங்கியது. உளுந்தை அண்ணாச்சி சொல்லச் சொல்லக் கேட்காமல் வைத்தேன். "உளுந்து பொங்கும் மேடம்" என்றார். பொங்கியது. குடுவையை விட்டு வெளியேறி, பஞ்சு அடைப்பைத் தள்ளிக்கொண்டு, நீராவிக் கலம் முழுக்க நுரை. இரண்டு நாள் சுரண்டினார் அண்ணாச்சி. "வடைக்கு ஊற வச்ச மாதிரி நெனச்சுக்கிடுதேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே சுரண்டினார்.

சேனைக்கிழங்குதான் ஜெயித்தது. உழவர் சந்தையில் ஒரு துண்டு வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு நானே தோல் சீவி, துண்டு போட்டு வேக வைத்து வடிகட்டினேன். தெளிவான சாறு. சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்துத் தட்டில் ஊற்றினேன், கல்போல் உறைந்தது. மூன்றாம் நாள் ரொட்டிப் பூசணம் அதில் மெத்தை விரித்துப் படுத்திருந்தது. நெறியாளருக்கு உடனே படம் எடுத்து அனுப்பலாம் என்று கை துறுதுறுத்தது. பச்சைப் பூஞ்சையும் வளரட்டும், சேர்த்து அனுப்பி வாயை அடைக்கலாம் என்று பொறுத்துக்கொண்டேன்.

இனி அசல் வேலை. ஒரு முழுச் சேனை வாங்கினேன். கடல்பாசி இன்னும் வேண்டும் என்று சிநேகிதியிடம் சொல்ல, அவள் இந்தத் தடவை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று பார்த்து எனக்குத் தேர்வுக் கண்காணிப்பு. "அண்ணாச்சி, நான் வாரதுக்குள்ள சேனைய வேக வச்சு வடிகட்டி வைங்க, நான் செஞ்ச மாதிரியே" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தால் சாறு தயார். நிறம் போன தடவையைவிட ஒரு சாயல் கூடுதலாகத் தெரிந்தது, கிழங்கு முற்றல் போலிருக்கிறது என்று நினைத்தேன். அறையில் கல்யாணப் பந்தி வாசம் அடித்தது. அண்ணாச்சி நிற்கிற இடத்தில் அது அடிக்காவிட்டால்தான் அதிசயம். சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்து, நீராவிக் கலத்தில் வைத்து எடுத்து, இருபது தட்டில் ஊற்றினேன். ஒரு குடுவையில் இருந்ததை மட்டும் ஊற்றாமல் பஞ்சு அடைப்போடு அப்படியே வைத்தேன்.

அரை மணி நேரத்தில் உறைய வேண்டும். ஒரு மணி ஆயிற்று. தட்டைச் சாய்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது. இரண்டு மணி ஆயிற்று. அப்போதும் ரசம்தான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் வரும். அந்த நேரம் பார்த்து, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிய சிநேகிதி, "என்ன ஏட்டி, உறைஞ்சுச்சா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"எங்கன உறையுது? உங்க ஊருல கலப்படம் பண்ணத்தான் தெரியும் போல. என்னத்தையோ கலந்து உன் தலையில கட்டிருக்கான், நீ அத என் தலையில கட்டிட்ட. இதக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

அவள் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. பையில் மிச்சமிருந்த கடல்பாசியைப் பார்த்தாள்.

"இது கடையில வாங்குனது இல்ல மிஸ்" என்றாள். நாலு வருஷத்தில் அவள் என்னை மிஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உம்மா நோன்புக்குன்னு எடுத்து வச்சிருந்தது. உங்க படிப்புக்குன்னு சொன்னதும் தூசி துரும்பு பாத்து, அலசிக் காய வச்சுக் குடுத்தாங்க."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம், இல்லை, மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "யாரு குடுத்தா என்ன, உறையலல்லா?" என்றேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தட்டுகளை அடுக்கினார். எனக்குப் பூஞ்சையின் உயிர் பெரிதாக இருந்தது, வேறு எதையும் நினைக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சேனையும் வேண்டாம், கடல்பாசியும் வேண்டாம் என்று, மறுநாள் உருளைக்கிழங்குச் சாறு எடுத்து, ஆய்வகச் சீசாவின் அடியில் இருந்த பசையைச் சுரண்டிப் போட்டேன். ஐந்து தட்டுக்கு வந்தது. அழகாக உறைந்தது. கிருமி அண்டாதபடி ஏற்றிய சுடர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடைசிக் குழாயில் இருந்து பச்சையை எடுத்து ஐந்து தட்டிலும் வைத்தேன். குழாய் காலி. கண்ணாடியில் தேய்த்தாற்போல் ஒரு சாயம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாவு வழித்த பாத்திரத்தில் ஒரு கை தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் மாவிலேயே ஊற்றுகிற கை என் கை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில், ஊற்றாமல் வைத்திருந்த சேனைக் குடுவையைத் திறந்து, அந்த ரசத்தில் கொஞ்சம் குழாயில் விட்டுக் குலுக்கி, திரும்பக் குடுவையிலேயே ஊற்றி மூடினேன். அதை ஒரு சோதனை என்றுகூட நினைக்கவில்லை, நோட்டிலும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தட்டுகளைப் பார்த்தேன். ஐந்திலும் வழுவழு. குழாயின் ஓரத்தில் நான் பார்த்த மினுமினுப்பு பாக்டீரியாதான். சத்தான சாப்பாட்டைக் கண்டதும் அது பந்திக்கு முந்திக்கொண்டது, பூஞ்சையைத் தலைகாட்ட விடவில்லை. அன்று ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், சத்தம் போட்டே அழுதேன். அந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள் இரண்டு நாளாக வணிகவியல் துறையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். நெறியாளரிடம் எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல் அவர் போன் வந்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

அதற்கு நாலு நாள் கழித்து அண்ணாச்சி கழுவுகிற தொட்டியில் இருந்து கூப்பிட்டார்.

"மேடம், சேனக் குடுவையில பூசணம் பூத்துக் கெடக்கு. கழுவிரட்டுமா?"

"கழுவுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தவள், புத்தி அதிசயமாக முன்னால் ஓடிவந்ததால், நானே ஓடினேன். ரசத்தின் மேலே வெள்ளை வெள்ளையாக ஆறேழு திட்டு மிதந்தது. ஒரு திட்டின் நடுவில் லேசாகப் பச்சை. கீழே சாறு தெளிவாக, வழுவழுப்பு இல்லாமல், நாற்றம் இல்லாமல். ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அதே வித்துகள். செத்த புழுவின் முதுகுப் பச்சையை முதன்முதலில் நுண்ணோக்கியில் வைத்தபோது பார்த்த அதே வித்துச் சங்கிலிகள்.

அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கை சோப்பு நுரையோடு இருந்தது.

இருந்தாலும் எனக்கு மண்டை குடைந்தது. ஐந்து தட்டையும் தின்ற பாக்டீரியா இதை மட்டும் ஏன் விட்டது? அமிலம் பார்க்கிற தாளை எடுத்து ரசத்தில் நனைத்தேன். சிவந்துவிட்டது. நல்ல அமிலம். பூஞ்சை புளிப்பில் பிழைக்கும், பெரும்பாலான பாக்டீரியாவுக்கு ஆகாது. இதை நானே இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். ஆனால் சேனைச் சாறு இவ்வளவு புளிக்காதே.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சேனையில என்ன போட்டிய?"

"ஒண்ணும் போடலயே. சேனையும் தண்ணியும்தான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம். புளி போட்டேன், அவ்வளவுதான்."

"புளியா!"

"பின்ன? சேனையில புளி போடாம வேக வைப்பாகளா? தோல் சீவும்போதே கை அரிப்புத் தாங்கல. ரெண்டு எலுமிச்சங்கா அளவு கரைச்சு ஊத்தினேன். நாளப்பின்ன பூசணத்துக்குத் தொண்ட அரிச்சா நம்மளத்தான சொல்லுவாக?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பது வருஷம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சேனை வேகவைத்த மனிதர். சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் தொண்டை அரிக்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்கு அடுத்த விஷயம் உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. புளிப்போடு சேர்த்து அந்தச் சூட்டில் காய்ச்சினால் கடல்பாசி உறையாது. எவ்வளவு சுத்தமான பாசியாக இருந்தாலும் பசை அறுந்துபோகும். இதையும் நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். அந்தம்மா அலசிக் காயவைத்த கடல்பாசியில் ஒரு குற்றமும் இல்லை.

துணிப்பையில் மிச்சமிருந்த கடல்பாசியை எடுத்தேன். சேனைச் சாற்றோடு அதைத் தனியாகக் காய்ச்சி, புளித்தண்ணீரைத் தனியாகக் காய்ச்சி, தட்டில் ஊற்றுகிற நேரத்தில் மட்டும் இரண்டையும் கலந்தேன். இருபதே நிமிஷத்தில் உறைந்தது. குடுவையில் மிதந்த திட்டுகளை அதில் வைத்தேன். பத்தாம் நாள் தட்டு முழுக்கப் பச்சை. அப்புறம்தான் நெறியாளரின் போனை எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புளி எத்தனை கிராம்னு எழுதி வைங்க" என்றார். அவர் வாயில் இருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

இருக்கிறதிலேயே நல்ல தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மத்தியானம் வணிகவியல் துறைக்குப் போனேன். அவள் தனியாகச் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், புளியையும் சேர்த்து.

"உங்க உம்மா கடல்பாசி மேல ஒரு தப்பும் இல்ல. தப்பெல்லாம் என் வாய் மேல. உங்க ஊரையும் சேத்துப் பேசிட்டேன். மன்னிச்சிரு ஏட்டி" என்றேன்.

அவள் தட்டை வாங்கினாள். நோன்புக்குக் காய்ச்சிய தட்டைப் பார்க்கிற மாதிரியே, சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பூஞ்சைத் தட்டைக் கவிழ்த்துத்தான் வைப்போம் என்பது அவளுக்குத் தெரியாது. கண்ணாடி வழியாக அந்தப் பச்சையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு இந்தக் கழுத" என்றாள். "உம்மாட்டக் காட்டணும்." போனில் படம் எடுத்து அனுப்பினாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அவள் உம்மாவுக்கு எழுதுகிற பழக்கம் இல்லை, பேசித்தான் அனுப்புவார். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. இவள் அப்படியே தட்டி, சத்தமாகவே போட்டுவிட்டாள்.

"ஏளா, இதத்தான் நான் பாசி குடுத்துவிட்ட அன்னைக்குச் சாயங்காலமே நீ வந்து சொல்லிட்டியே, கல்லு மாதிரி உறைஞ்சிட்டு, மிஸ்ஸுக்கு ரொம்ப சந்தோசம், உங்களுக்கு சலாம் சொன்னாங்கன்னு. இப்ப எதுக்குத் திரும்பப் போட்டோ அனுப்புத? இன்னும் வேணுமான்னு கேளு. நான் வேற எடுத்து வச்சிருக்கேன்."

அவள் அவசரமாகப் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்க்காமல் எழுந்து வருகைப் பதிவேட்டை எடுத்தாள்.

"பெல் அடிச்சிட்டுல்லா, கிளாஸுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெல் அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.